2000 பிரதிக்கு மேல் அச்சிட மாட்டோம் என்ற பத்திரிகை: சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' (1959–1970)

#1 பழந்தாள்

வணக்கம். சிற்றிதழ் பற்றிப் பேச்சு வந்தால் 'எழுத்து' என்ற பேர் வராமல் இருக்காது. வந்ததும் 'புதுக்கவிதையை வளர்த்த பத்திரிகை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதவில்லை. அதனால்தான் இந்த இழை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இதழ் 1959 ஜனவரி. ஆசிரியர், பதிப்பாளர், பிழை திருத்துபவர், தபாலில் சேர்ப்பவர் ஏறக்குறைய எல்லாமே சி. சு. செல்லப்பாதான். அலுவலகம் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு. 1970 ஜனவரியில் 119ஆம் இதழோடு நின்றது.

தொடங்கும்போதே இரண்டு அறிவிப்புகள் செய்தார். 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை. கடைகளில் கிடைக்காது, சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். ஆனந்த விகடன், கல்கி, குமுதம் எல்லாம் 'எங்களுக்கு இத்தனை வாசகர்கள்' என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது ஒருவர் உச்சவரம்பை முதலிலேயே போட்டுக்கொண்டு பத்திரிகை ஆரம்பிக்கிறார்.

என் கட்சி இதுதான். 'எழுத்து' கவிதைக்காகத் தொடங்கிய பத்திரிகை அல்ல, விமர்சனத்துக்காகத் தொடங்கியது. தமிழில் கதையும் நாவலும் நிறைய வருகின்றன, எது தேறும் எது தேறாது என்று சொல்ல ஆள் இல்லை என்பதுதான் செல்லப்பாவின் கவலை. கவிதை நடுவில் வந்து சேர்ந்தது. ஆனால் வந்த கவிதை நிலைத்ததற்குக் காரணம், பக்கத்துப் பக்கத்தில் விமர்சனம் இருந்ததுதான். இதை மறுப்பவர்கள் வரலாம்.

#2 எதிர்க்கேள்வி

2000 என்ற வரம்பெல்லாம் வீறாப்பு சார். சந்தாதாரர் எண்ணிக்கை அந்த 2000ஐ ஒருநாளும் தொடவில்லை. எட்டாத உயரத்தில் கூரை போட்டுவிட்டு 'நான் தலை நிமிர மாட்டேன்' என்று சொல்வது போல.

#3 கோத்தவன்

எதிர்க்கேள்வி, அவசரப்படாதீர்கள். அந்த அறிவிப்பைப் பத்திரிகைத் தொழில் தெரிந்தவன் வேறு மாதிரி படிப்பான். நான் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன், ஈயம் தொட்ட கை இது.

கடையில் போட்டு விற்க வேண்டுமானால் ஏஜெண்ட் வேண்டும். அவருக்குக் கமிஷன் உண்டு. விற்காத பிரதி திரும்பி வரும், விற்ற பணம் எப்போது வரும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். நூறு ஊருக்கு ஐந்து ஐந்து பிரதி அனுப்பினால் முதல் வருடமே கை முடங்கிவிடும். சின்னப் பத்திரிகைகள் பெரும்பாலும் செத்தது எழுத்தாளர் கிடைக்காமல் அல்ல, ஏஜெண்டிடம் பாக்கி வசூலாகாமல்தான். சந்தா என்றால் பணம் முன்னாலேயே கைக்கு வரும், எத்தனை அச்சிடுவது என்பதும் தெரிந்துவிடும். அச்சகத்தில் மிஞ்சி அடித்த காகிதம் நேராகப் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும்.

அடுத்தது தபால். பதிவு பெற்ற பத்திரிகைக்குத் தபாலில் சலுகைக் கட்டணம் உண்டு. அந்தச் சலுகை இல்லையென்றால் தமிழ்நாட்டில் பாதிச் சிற்றிதழ் பிறந்தே இருக்காது. சென்னையில் அச்சாகி நாகர்கோவில், திருவனந்தபுரம், சேலம், டெல்லி, இலங்கை என்று போய்ச் சேர வேண்டிய பத்திரிகைக்குக் கடை எதற்கு? அதன் வாசகன் ஒவ்வொரு ஊரிலும் ஒருவன், இரண்டு பேர். அவனைத் தபால்காரர்தான் கண்டுபிடிப்பார்.

இன்னொரு கணக்கு. 1959 ஜனவரி முதல் 1970 ஜனவரி வரை மாதம் ஒன்று என்றால் 133 வந்திருக்க வேண்டும். வந்தது 119. கடைசி இரண்டு வருடத்தில் காலாண்டாக மாறியதால்தான் பெரும்பாலும் அந்தக் குறைவு. அதற்கு முன் ஒன்பது வருடத்துக்கு மேல் மாதாமாதம் வந்திருக்கிறது. தனி ஆள், கை அச்சுக்கோப்பு, விளம்பரம் கிடையாது என்றே சொல்லலாம். ஃபாரம் ஃபாரமாகப் புரூஃப் பார்த்துக் கொடுத்து, அச்சானதை மடித்து, முகவரி ஒட்டி அனுப்பிய ஒருவரின் வேலையை வீறாப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

#4 எதிர்க்கேள்வி

உழைப்பை நான் குறை சொல்லவில்லையே ஐயா. ஏஜெண்ட் விவகாரம் உண்மையென்றால் 'ஏஜெண்ட் மூலம் விற்க எங்களால் முடியாது' என்று சொல்லலாம். 'இத்தனை பேருக்குத்தான்' என்று அறிவித்தால் 'இத்தனை பேர்தான் தகுதியானவர்கள்' என்று அர்த்தம் ஆகிறது. இதில்தான் எனக்கு உறுத்தல்.

#5 மேலவீதி

அந்த உறுத்தல் நியாயமானது. செல்லப்பா அப்படித்தான் நினைத்தார், அதை மறைக்கவும் இல்லை. வாசகனைத் தேடிக் கீழே இறங்க மாட்டேன், வருகிறவன் வரட்டும் என்பதுதான் நிலைப்பாடு. எனக்கு அது பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

கவிதை வந்த கதைக்கு வருகிறேன். பழந்தாள் 'நடுவில் வந்து சேர்ந்தது' என்று எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் 'பெட்டிக்கடை நாரணன்' இருக்கிறது. க. நா. சுப்ரமண்யமும் மயன் என்ற பெயரில் எழுதியிருக்கிறார். ஆகவே கதவு முதல் நாளே திறந்துதான் இருந்தது. ஆனால் ஆசிரியர் அதைக் கொள்கையாகத் திறந்து வைக்கவில்லை என்பது சரி.

பிச்சமூர்த்தியை நினைத்துப் பாருங்கள். 1900இல் கும்பகோணத்தில் பிறந்தவர். 1934இல் 'மணிக்கொடி' என்ற இலக்கியப் பத்திரிகையில் 'காதல்' என்ற கவிதை. பாரதியின் வசன கவிதையும் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனும் அவருக்குத் துணை. அந்தத் தலைமுறையில் புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன் எல்லோரும் இந்த வழியில் ஏதோ முயன்று பார்த்தவர்கள். அப்புறம் அது தேய்ந்துபோயிற்று. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டு, கதைகள் எழுதிக்கொண்டு, கவிதையை ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார். 'எழுத்து' வரும்போது அவருக்கு வயது 58. அந்த வயதில் இரண்டாம் முறை கவிஞரானார். 'காட்டு வாத்து' 1962இல், 'வழித்துணை' 1964இல், இரண்டும் எழுத்துப் பிரசுரம்.

மூன்றாவது இதழில், அதாவது 1959 மார்ச்சில், பசுவய்யா என்று ஒரு பெயர். கவிதை 'உன் கை நகம்'. நகத்தை வெட்டி எறியச் சொல்லும் கவிதை. சுந்தர ராமசாமிதான் அந்தப் பசுவய்யா. கவிதைக்கு நகம் ஒரு விஷயமா என்று அன்றைக்கு முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். நிலா, தென்றல், தமிழன்னை என்று பழகிய காதுக்கு நகம் சரியாகத்தான் கீறியிருக்கும்.

அப்புறம் சேலத்திலிருந்து சி. மணி. கூடவே எஸ். வைத்தீஸ்வரன். திருவனந்தபுரத்திலிருந்து டி. கே. துரைஸ்வாமி, அதாவது நகுலன். மணியின் 'நரகம்' 1962. நகரத்துத் தெருவில் ஓர் இளைஞன் காமத்தோடும் கையாலாகாத்தனத்தோடும் அலைகிற நீண்ட கவிதை. ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டைப் படித்தவர் எழுதியது என்று பார்த்தாலே தெரியும், ஆனால் ஓசை அகவலுக்குப் பக்கத்தில் நிற்கும். யாப்பை உதறிய கூட்டம் என்று இவர்களைத் திட்டுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அதே மணி பின்னாளில் யாப்பைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு. 24 பேர், 63 கவிதைகள். நான்கு ஆண்டுக்குள் ஒரு பத்திரிகை 24 பேரைத் தொகுக்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

#6 கடலோரம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மேலவீதி பட்டியலில் ஒருவரை விட்டுவிட்டீர்கள், அவர் எங்கள் ஆள்.

தருமு சிவராமு. பிறகு பிரமிள். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். 1960இல் 'எழுத்து'வில் அவருடைய 'நான்' வந்தபோது வயது இருபதுதான். கவிதை மட்டுமில்லை, விமர்சனக் கட்டுரைகளும் அங்கே எழுதினார். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பெயர் பெற்று அங்கிருந்து சென்னைக்குப் போனவர் இல்லை அவர். திருகோணமலையிலிருந்து நேரே திருவல்லிக்கேணிக்குத் தபால் போட்டார், செல்லப்பாவும் அதை இதழில் போட்டார். ஆளை நேரில் பார்க்காமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல்.

இந்தப் பக்கத்தில் அந்த ஆண்டுகள் முற்போக்கு எழுத்தாளர்களின் காலம். விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி செல்வாக்கு மேலே வந்துகொண்டிருந்தது. இலக்கியம் சமுதாயத்துக்கு என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பிரமிள் மாதிரி ஆன்மிகப் படிமங்களோடு எழுதுகிற இளைஞனுக்கு இங்கே இடம் சிறிது. கடலுக்கு அப்பால் ஒரு முகவரி இருந்ததால்தான் அவர் எழுதினார் என்று நான் சொல்வதில்லை, எப்படியும் எழுதியிருப்பார். ஆனால் யாருக்கு எழுதியிருப்பார்?

பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் இந்தியாவுக்கே போய்விட்டார். போனபின் சண்டை பிடிக்காத ஆள் மிச்சமில்லை, அது வேறு கதை.

#7 எதிர்க்கேள்வி

நல்ல பட்டியல்தான். நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். அந்தப் பதினொரு வருடத்தில் தமிழ்நாட்டில் என்னவெல்லாம் நடந்தது? 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1967இல் காங்கிரஸ் ஆட்சி போய் தி.மு.க. வந்தது. 1968 டிசம்பரில் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். ஊருக்கு ஊர் படிப்பகம், முடிதிருத்தும் கடையில் 'முரசொலி'யை ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்பது என்று தமிழ் வாசிப்பே வேறு திசையில் பெருகிக்கொண்டிருந்தது. அந்த வாசகன் யாராவது 'எழுத்து' பக்கம் வந்தானா? வர வழி இருந்ததா? கடையிலேயே கிடைக்காத பத்திரிகை அவனுக்கு எப்படித் தெரியும்?

மணிக்கொடிக்காரர்கள், அவர்களுடைய நண்பர்கள், மயிலாப்பூர் திருவல்லிக்கேணி வட்டம். இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

#8 ஓய்வுபெற்ற வாத்தியார்

கோபம் எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு பதில் சொல்கிறேன், இரண்டும் முழுப் பதில் இல்லை.

ஒன்று, வட்டம். தொடங்கியபோது மணிக்கொடி வட்டம் என்பது உண்மை. செல்லப்பாவே மணிக்கொடியில் எழுதி வந்தவர், பி. எஸ். ராமையாவைப் போலவே வத்தலகுண்டுப் பின்னணி. ஆனால் மூன்று வருடத்தில் எழுதுகிறவர்கள் யார் என்று பாருங்கள். திருகோணமலை இளைஞர், சேலத்து ஆங்கில ஆசிரியர், டெல்லியில் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்த வெங்கட் சாமிநாதன், மதுரைத் தமிழ்ப் பேராசிரியர் சி. கனகசபாபதி, பின்னால் 'கூத்துப்பட்டறை' நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி. முத்துசாமியின் ஆரம்பக் கதைகள் 'எழுத்து'வில் வந்தவை. இவர்களில் பெரும்பாலோர் பிள்ளையார் கோயில் தெருத் திண்ணையில் உட்கார்ந்து பழகி எழுத வந்தவர்கள் அல்ல. ஆசிரியர் குழு என்று ஒன்று கிடையாது, வாசல் தபால்பெட்டிதான் குழு.

இரண்டு, அரசியல். செல்லப்பா அரசியலே தெரியாத அழகியல் ஆசாமி அல்ல. 1941 தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர், கடைசிவரை கதர். 'நீ இன்று இருந்தால்' என்று காந்தியைப் பற்றி நெடுங்கவிதை எழுதி 'எழுத்து'விலேயே போட்டார். 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலை எண்பதைத் தாண்டிய வயதில் 1997இல் வெளியிட்டார். மறு வருடம் இறந்தார், சாகித்திய அக்காதெமி 2001இல் விருது கொடுத்தது. அவருக்கு அரசியல் இருந்தது, நீங்கள் கேட்கிற அரசியல் இல்லை. கீழவெண்மணியை 'எழுத்து'வில் தேடுவதை விட, அந்தப் பத்திரிகை கற்றுக்கொடுத்த மொழியை வைத்துப் பின்னால் வந்தவர்கள் என்னென்ன எழுதினார்கள் என்று தேடலாம். 1971இல் கோவையில் வந்த 'வானம்பாடி' கவிதை இதழ்க்காரர்கள் 'எழுத்து'வைத் திட்டிக்கொண்டே அதன் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். வடிவத்துக்குச் சாதி சமயம் கிடையாது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அது கைமாறியது என்பது நடந்த விஷயம்.

'புதுக்குரல்கள்' பின்னால் பல்கலைக்கழகப் பாடமாயிற்று, அது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் அந்தக் கவிதைகளை வைத்துக்கொண்டு நின்ற வாத்தியார்கள் பட்ட பாடு தனி. எதுகை எங்கே, மோனை எங்கே என்று மாணவர்கள் கேட்கவில்லை, துறைத் தலைவர்தான் கேட்பார்.

#9 புதியவள்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் எங்கே படிக்கக் கிடைக்கும்? பழைய இதழ்களைப் பார்க்க வழி உண்டா? நான் 'வாடிவாசல்' மட்டும்தான் படித்திருக்கிறேன். அந்த நாவலை எழுதியவர்தான் இவர் என்பதே இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைத்தது.

#10 கோத்தவன்

வாம்மா. 'வாடிவாசல்' புத்தகமாக வந்ததும் அதே 1959இல்தான், எழுத்துப் பிரசுரமாக. பத்திரிகை நடத்திக்கொண்டே நாவல் போட்டார், 'ஜீவனாம்சம்' நாவலை இதழிலேயே தொடராக எழுதினார்.

பழைய இதழ் பார்க்க, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போகலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய சிற்றிதழ்கள் ஏற்றியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். வரலாற்றை ஒரே மூச்சில் படிக்க வேண்டுமென்றால் வல்லிக்கண்ணனின் 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்'. 'தீபம்' பத்திரிகையில் தொடராக வந்து, 1978இல் சாகித்திய அக்காதெமி விருது வாங்கிய புத்தகம். அதில் பாதிக்குப் பாதி 'எழுத்து' கதைதான்.

#11 பழந்தாள்

என் கட்சிக்குத் திரும்புகிறேன். கவிதைப் பட்டியலை மேலவீதி அழகாகச் சொன்னார். ஆனால் அது எப்படி நிலைத்தது என்பதைச் சொல்லவில்லை.

மணிக்கொடிக் காலத்தில் பிச்சமூர்த்தியும் கு.ப.ரா.வும் எழுதியது மோசமான கவிதை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏன் வேர் பிடிக்கவில்லை? எழுதியவர்கள் எழுதினார்கள், எதிர்த்தவர்கள் கேலி செய்தார்கள், நடுவில் நின்று 'இதை இப்படிப் படிக்க வேண்டும்' என்று சொல்ல ஆள் இல்லை. 'கலாமோகினி', 'கிராம ஊழியன்' பக்கங்களில் 1940களில் கொஞ்சம் தலைகாட்டிவிட்டு அது மறைந்தது.

'எழுத்து'வில் என்ன நடந்தது? ஒரு இதழில் கவிதை வரும். அடுத்த இதழில் அதைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதுவார். அதற்கு அடுத்ததில் அந்தக் கட்டுரையை இன்னொருவர் மறுப்பார். வாசகர் கடிதமே கட்டுரை நீளத்துக்கு வரும். செல்லப்பா வரி வரியாகப் பிரித்து, இந்தச் சொல் ஏன் இங்கே, இந்தப் படிமம் எங்கிருந்து வருகிறது என்று அலசுவார். கனகசபாபதி சங்கக் கவிதையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். வாசகனுக்குக் கவிதையோடு சேர்த்து அதைப் படிக்கும் பழக்கமும் தபாலில் வந்தது. அதனால்தான் விமர்சனம் முதலில், கவிதை பிறகு என்று சொல்கிறேன். இதழில் வந்த வரிசையைச் சொல்லவில்லை, வேலை செய்த வரிசையைச் சொல்கிறேன்.

#12 மேலவீதி

இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மறுபாதி: செல்லப்பாவின் விமர்சனத்தை இன்று உட்கார்ந்து படிக்க முடிகிறதா? மௌனியின் கதைகளைப் பற்றி 'மௌனியின் மனக்கோலம்' என்று அவர் எழுதியதை எடுத்துப் பாருங்கள். உழைப்பு இருக்கிறது, நேர்மை இருக்கிறது. ஆனால் வாக்கியம் கிளை விட்டுக் கிளை விட்டு, மேல்நாட்டு விமர்சகர்களின் மேற்கோள்களோடு, மூச்சு முட்டுகிறது. க. நா. சு. இரண்டு பக்கத்தில் 'இது நல்ல கதை, படி' என்று சொல்லிவிட்டுப் போவார், நாம் போய்ப் படிப்போம். செல்லப்பா இருபது பக்கத்தில் ஏன் நல்ல கதை என்று நிரூபிப்பார், படிக்கிற ஆசையே அடங்கிவிடும்.

இந்தச் சண்டைதான் 'எழுத்து'வின் உள்ளே நடந்த பெரிய சண்டை. முதல் வருடங்களில் க. நா. சு. அங்கே நிறைய எழுதினார். 1940களின் நடுவில் அவருடைய 'சந்திரோதயம்' பத்திரிகையில் செல்லப்பா வேலை பார்த்தவர், பழைய தோழமை. ஆனால் ரசனையைச் சொன்னால் போதும் என்பவருக்கும், காரணம் காட்டியே ஆக வேண்டும் என்பவருக்கும் ஒரே கூரையில் ரொம்ப நாள் ஒத்துவரவில்லை. க. நா. சு. 1963இல் 'இலக்கிய வட்டம்' தொடங்கினார். அது 1965 வரை வந்தது.

#13 ஓய்வுபெற்ற வாத்தியார்

மேலவீதி, உங்களுக்கு மூச்சு முட்டுகிறது என்பதற்காக அது வீண் அல்ல. தமிழில் 'ஏன்' என்று கேட்டு ஒரு கதையைப் பிரித்துப் பார்க்கலாம் என்பதை அவர் செய்துகாட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் விமர்சனம் என்றால் மதிப்புரை, மதிப்புரை என்றால் பாராட்டு. ரசிகமணி டி. கே. சி. பாணியில் கவிதையை அனுபவித்துச் சொல்வது வேறு கலை. அதற்குக் குரல் வேண்டும், சபை வேண்டும். எங்கோ ஊரில் தனியாக உட்கார்ந்து படிக்கிறவனுக்குச் செல்லப்பாவின் முறைதான் கைகொடுக்கும், ஏனென்றால் அதை அவன் தானே செய்து பார்க்கலாம்.

வெங்கட் சாமிநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் 'பாலையும் வாழையும்' என்ற கட்டுரையோடு 'எழுத்து'வுக்குள் வந்தார். தமிழ்ச் சூழலின் கலை வறட்சி பற்றிக் கடுமையான கட்டுரை. அவர் செல்லப்பா முறையும் இல்லை, க. நா. சு. முறையும் இல்லை. இசை, சிற்பம், கூத்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சண்டை போடுகிற மூன்றாவது முறை. தன் முறைக்கு ஒத்துவராத ஆளுக்கும் பக்கம் கொடுத்தார் பாருங்கள், அந்த இடத்தில்தான் செல்லப்பா ஆசிரியர். பிடிவாதக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். பிடிவாதம் தன் கட்டுரையில், பத்திரிகையில் அவ்வளவு இல்லை.

#14 திருவிழாக்கடை

மனைவி நகையை விற்றுத்தான் பத்திரிகை நடத்தினார் என்கிறார்களே. இதைப் பெருமையாகச் சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நகை யாருடையது?

#15 புதியவள்

நன்றி, இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். வரலாறு எழுதுகிறவர்கள் எல்லாம் 'தியாகம்' என்று ஒரு சொல்லில் அவரைப் பாராட்டிவிட்டு அந்த அம்மாவைக் கடந்து போய்விடுகிறார்கள்.

#16 கோத்தவன்

சரியான கேள்வி. வீடே அலுவலகம் என்றால் அந்த வீட்டுச் சமையலறையும் அலுவலகத்தின் பகுதிதான். வருகிற எழுத்தாளனுக்குக் காப்பி யார் போட்டது? இதழ் மடித்து உறை போடும் நாளில் எத்தனை கை வேலை செய்திருக்கும்? கை அச்சுக் காலத்து எல்லாச் சிற்றிதழுக்கும் இப்படிக் கணக்கில் வராத கூலி ஒன்று உண்டு. கம்பாசிட்டருக்காவது வாரக்கூலி உண்டு.

செல்லப்பா சம்பாதிக்கத் தெரியாதவர் என்று சொல்வது சரியில்லை. புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். பொம்மை செய்து விற்றிருக்கிறார். இவ்வளவு செய்தும் பத்திரிகைக் கடன் அடையவில்லை. விமர்சனப் பத்திரிகை சந்தாவில் மட்டும் நடப்பது உலகத்தில் எங்குமே கஷ்டம். கேம்பிரிட்ஜில் ஆங்கில விமர்சகர் லீவிஸ் நடத்திய 'ஸ்க்ரூட்டினி' 1932 முதல் 1953 வரை வந்தது, பல்கலைக்கழகச் சூழலே பக்கத்தில் இருந்தும் கடைசியில் எழுத ஆளும் தெம்பும் இல்லாமல் நின்றது. திருவல்லிக்கேணியில் அதுவும் கிடையாது.

#17 எதிர்க்கேள்வி

அப்படியானால் என் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. 2000 வரம்பை எடுத்துவிட்டு, கடையில் போட்டு, கொஞ்சம் எளிமையாக எழுதியிருந்தால் கடன் அடைந்திருக்குமே? நா. பார்த்தசாரதி 1965இல் 'தீபம்' தொடங்கினார், 1980களின் கடைசி வரை வந்தது. 'கணையாழி'யும் 1965தான். இலக்கியமும் போட்டார்கள், கடையிலும் விற்றார்கள்.

#18 பழந்தாள்

'தீபம்', 'கணையாழி' இரண்டும் நல்ல பத்திரிகைகள், மறுப்பில்லை. ஆனால் அவை 'எழுத்து' ஆறு வருடம் உழுத நிலத்தில் வந்தவை. கணையாழியில் புதுக்கவிதை போட 1965இல் யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1959இல் யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் செய்கிறவனுக்கும் இரண்டாவதாகச் செய்கிறவனுக்கும் கணக்குப் புத்தகம் ஒன்றாக இருக்காது.

வரம்பு விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது. அந்த 2000 வாசகனுக்குச் சொன்னது அல்ல, தனக்கே சொல்லிக்கொண்டது. பெரிய பத்திரிகை உலகத்தில் உதவியாசிரியராக இருந்தவர் அவர், தினமணி கதிரில் வேலை பார்த்தவர். விற்பனை எண் ஏற ஏற ஆசிரியர் கை எப்படித் தளர்கிறது என்று கண்ணால் பார்த்தவர். தளர மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். அது சரியா தப்பா என்பதை விடுங்கள், அப்படிக் கட்டிக்கொண்டதால் என்ன கிடைத்தது என்றால் 'நரகம்' மாதிரி ஒரு கவிதையை 1962இல் ஒரு வரி வெட்டாமல் போட முடிந்தது. கடையில் தொங்குகிற பத்திரிகை அதைப் போட்டிருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.

#19 கடலோரம்

ஒரு சின்ன விசயம். கடையில் தொங்கவில்லை என்பதால் இங்கே கிடைக்காமல் போகவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகை என்று பார்த்தால் விகடன், கல்கி இங்கே கட்டுக்கட்டாக வந்து இறங்கின, உள்ளூர்ப் பத்திரிகைகள் அதனால் அடிபட்டன என்பது எங்கள் பக்கத்துப் பழைய முறைப்பாடு. 'எழுத்து' அப்படி வந்து யாருடைய சந்தையையும் கெடுக்கவில்லை. சிறிதாக இருந்ததில் இதுவும் ஒரு நன்மை.

#20 மேலவீதி

நின்ற பிறகு நடந்ததையும் ஒரு வரியில் பதிந்துவிடலாம். 'எழுத்து' நிற்பதற்கு முன்பே அதன் ஆட்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சி. மணி 1968இல் சேலத்தில் 'நடை' தொடங்கினார். காலாண்டிதழ், எட்டே இதழ், ஆனால் அச்சிலும் அமைப்பிலும் 'எழுத்து'வை விடப் பார்க்க நன்றாக இருக்கும். 1970 அக்டோபரில் சென்னையில் 'கசடதபற'. ஞானக்கூத்தன், சா. கந்தசாமி, ந. முத்துசாமி, ந. கிருஷ்ணமூர்த்தி என்று இளைஞர் கூட்டம். அவர்களுக்கு நகைச்சுவை தெரிந்திருந்தது. 'எழுத்து'வில் எனக்குக் கிடைக்காத ஒரே சரக்கு அதுதான். 119 இதழில் ஒரு முறையாவது வாய்விட்டுச் சிரித்திருக்கலாம் செல்லப்பா.

#21 ஓய்வுபெற்ற வாத்தியார்

சிரிப்பு வேண்டுமென்றால் 'பெட்டிக்கடை நாரணன்' இன்னொரு தடவை படியுங்கள் ஐயா. முதல் இதழிலேயே இருக்கிறது.

#22 புதியவள்

மின்னூலகத்தில் தேடினேன், சில இதழ்கள் கிடைத்தன. ஒரு சந்தேகம்: விலையில் 'ந.பை.' என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

#23 கோத்தவன்

நயா பைசா. 1957இல் அணாக் கணக்கு போய்த் தசம நாணயம் வந்ததும் பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்கப் புதுப் பைசாவை அப்படிச் சொன்னோம். 1964இல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்து இதழில் தேதி கிழிந்திருந்தால் விலையைப் பார்த்தே இது முன்னா பின்னா என்று ஓரளவு ஊகிக்கலாம். இதழ்களை வரிசையாகப் படிக்கப்போகிறீர்கள் என்றால் கட்டுரையோடு நிறுத்தாதீர்கள், வாசகர் கடிதப் பகுதியை விடாதீர்கள். பழந்தாள் சொல்கிற சண்டை முக்கால்வாசி அங்கேதான் நடக்கிறது.